ஒரே மரம், இரண்டு உயிர்: மலைநாட்டு மந்தியையும் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குப் பக்கத்து ஹக்கல பூங்காவின் மேல்பக்கத்தில், தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற ஓரத்தில் ஒரு காட்டு நாவல் மரம் நிற்கிறது. பழம் இருந்த ஒரு காலையில் அதன் கீழே உட்கார்ந்திருந்தேன். உச்சிக் கிளையில் ஒரு மந்தி. ஒரு கையால் கொப்பை வளைத்துப் பிடித்து, துளிர் இலையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், நுனியை மட்டும் கடித்துவிட்டு மீதியைக் கீழே போட்டது. அடுத்த இலை. அதற்கடுத்த இலை. அவசரமே இல்லை. அதற்கு இரண்டு முழம் கீழே ஒரு கொண்டைக்குருவி வந்து இறங்கியது. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது, ஒரு பழத்தைப் பறித்து முழுசாக விழுங்கியது, இன்னொன்றையும் விழுங்கியது, சீழ்க்கை அடித்துவிட்டுப் பறந்துவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மந்தி இன்னும் அதே கிளையில் இருந்தது.

மரத்தடியில் இரண்டின் அடையாளமும் கிடந்தன: பல் பட்ட இலைத் துண்டுகள், பன்னம் செடியின் மேல் விதையோடு ஒரு எச்சம். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது எல்லாம் அந்த மரத்தடியில் தொடங்கியதுதான். குரங்கையும் பறவையையும் ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ரோமம், இறகு, பால், முட்டை என்று பாடப்புத்தக அட்டவணை போடுகிறார்கள். அதற்குக் காட்டுக்குப் போகவே தேவையில்லை. ஒரே மரத்திலிருந்து ஒவ்வொன்றும் எதை எடுக்கிறது என்று பாருங்கள். மற்ற வேறுபாடுகள் அதன் பின்னாலேயே வரும்.

உயர்தரத்தில் உயிரியல் செயற்றிட்டம் செய்கிறவர்களுக்கும், வழிகாட்டி வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்கும், தோட்ட லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் கேட்கும் சத்தம் எதனுடையது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

படி 1: யாரைப் பார்க்கிறோம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

தோட்டத்தில் குரங்கு என்ற ஒரே சொல்லில் இரண்டு இனத்தைச் சொல்லிவிடுகிறோம். மண்ணிறமாய், உச்சந்தலையில் மயிர் வட்டமாகச் சுழன்று தொப்பி வைத்த மாதிரி இருப்பது செங்குரங்கு, சிங்களத்தில் ரிலவா. தின்பண்டப் பையைப் பறிப்பதும், வாயின் இரு பக்கமும் உணவை அடக்கிக்கொண்டு ஓடுவதும் அதுதான். நமக்கு வேண்டியது அது இல்லை.

நமக்கு வேண்டியது ஊதாமுக மந்தி. சிங்களத்தில் களு வந்துரா. கறுத்த முகம், கன்னத்தில் பின்பக்கமாக வாரிவிட்ட வெளிறிய மீசைத்தாடி, நீண்ட வால். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். இதில் 4 கிளையினங்கள் உண்டு. மலைநாட்டில் இருப்பது மொன்டிகோலா. குளிருக்கு ஏற்ற மாதிரி மயிர் நீண்டு அடர்ந்திருப்பதால் தூரத்தில் பார்த்தால் சின்னக் கரடி மாதிரியே தெரியும். வெள்ளைக்காரர்கள் கரடிக்குரங்கு என்று பெயர் வைத்ததும் அதனால்தான். இதற்குக் கன்னப்பை கிடையாது. பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்காது.

குறிப்பு எழுதும்போது நம் பழைய சொற்கள் கைகொடுக்கும். குறிஞ்சித் திணைப் பாட்டுகளில் ஆண் குரங்கு கடுவன், பெண் குரங்கு மந்தி. இன்று பேச்சில் மந்தி என்பது முழு இனத்துக்கும் ஆகிவிட்டாலும், கொப்பியில் கடுவன், மந்தி, குட்டி என்று மூன்று கட்டம் போட்டால் வேறு குறியீடே தேவைப்படாது. பெண்ணுக்கு அடிவயிற்றின் கீழ் வெளிறிய திட்டு இருக்கும். குட்டி தாயைவிட வெளிறிய நிறம்.

பறவை மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி. இதுவும் இலங்கைக்கு மட்டுமே உரியது, அதிலும் மலைப்பகுதிப் பறவை. நீளம் 20 சென்டிமீட்டர் அளவு. முதுகு இலைப்பச்சை, வயிறு மஞ்சள் சாயல், உச்சந்தலை கறுப்பு, கண்ணுக்கு முன்னால் வெள்ளைக் குஞ்சம், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் குஞ்சம். கொண்டைக்குருவி என்று பெயர் இருந்தாலும் எடுப்பான கொண்டை இதற்கு இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான், ஆகவே பறவைப் பக்கத்தில் ஆண், பெண் கட்டம் போடாதீர்கள். பச்சையாய், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கூட்டமாய்த் திரியும் சின்னக் குருவி வெள்ளைக்கண்ணி. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டையும் நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலைநாட்டு மந்தியை 1850இல் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட். மறு வருஷமே, 1851இல், கல்கத்தாவில் இருந்த விலங்கியலாளர் பிளைத் இந்தக் குருவியை விவரித்தார். கெலார்ட்டின் நினைவாகக் கெலார்ட்டியா என்ற பேரினப் பெயரைக்கூட ஒரு காலத்தில் இந்தக் குருவிக்கு வைத்திருந்தார்கள். ஏட்டில்கூட இரண்டும் அக்கம்பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன.

படி 2: இடமும் நேரமும்

முதல் தடவை போகிறவர்களுக்கு ஹக்கலதான் நல்லது. நுவரெலியாவிலிருந்து வெலிமட வீதியில் சுமார் 10 கிலோமீட்டர்; சீத்தாஎலிய சீதையம்மன் கோயிலைத் தாண்டி பஸ்ஸில் போய் இறங்கலாம். 1861இல் மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம் அது. பின்னால் இயற்கைக் காடு ஒட்டி நிற்பதால் மந்தியும் குருவியும் ஒரே இடத்தில் கிடைக்கும். அசோகவனம் இந்தப் பக்கம்தான் என்று நம் பாட்டிமார் சொன்ன கதையோடு வளர்ந்தவர்களுக்கு அங்கே குரங்கைப் பார்க்கும்போது மனசில் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். கொப்பியைத் திறக்கும்போது மட்டும் அனுமாரைக் கொஞ்சம் வெளியே நிற்கவிடுங்கள்.

இரண்டாவது இடம் ஹோர்ட்டன் சமவெளி. பட்டிப்பொலப் பக்கமாக ஏறலாம். 2,000 மீட்டருக்கு மேல் உயரம், 1988இல் இருந்து தேசியப் பூங்கா. காலை 6 மணிக்கு வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மூடுபனி ஏறிவிட்டால் பக்கத்து மரம்கூடத் தெரியாது. பாதையை விட்டு இறங்கக் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் விடியற்காலையில் உறைபனி விழும் நாட்களும் அப்போதுதான், கம்பளிச் சட்டை இல்லாமல் போகாதீர்கள். மழைக்காலத்தில் அட்டை ஏறும். நீண்ட காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும்.

படி 3: கொப்பியைத் தயார் செய்தல்

என் முதல் கொப்பியை முழுசாகவே ஒதுக்கிவைக்க வேண்டி வந்தது. குருவி காலையில் சுறுசுறுப்பு என்பதால் காலையில் குருவியை எழுதினேன். மந்தி மத்தியானத்தில் அசையாமல் இருக்கும், எண்ணுவது சுலபம் என்று மத்தியானத்தில் மந்தியை எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், குருவி ஓயாமல் தின்கிறது, மந்தி ஓயாமல் தூங்குகிறது என்று வந்திருந்தது. நான் ஒப்பிட்டது இரண்டு உயிர்களை அல்ல, காலையையும் மத்தியானத்தையும்.

ஆகவே இதுதான் விதி: ஒரே மரக்கூட்டம், ஒரே நேரம், ஒரே கேள்வி. 10 நிமிஷத்துக்கு ஒரு முறை மணி பார்த்து, அந்தக் கணத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மந்தியும் ஒவ்வொரு கொண்டைக்குருவியும் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். தின்கிறதா, இருக்கிறதா, நகர்கிறதா, சத்தம் போடுகிறதா, ஒன்றையொன்று கோதுகிறதா. கூடவே மரம், தரையிலிருந்து எத்தனை அடி, வானிலை. ஒன்றுமே தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், வெறுமையாக விடாதீர்கள். மறைந்திருப்பதும் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு.

இதில் ஒரு குறை இருக்கிறது. குருவி இரண்டு நிமிஷத்தில் வந்து போய்விடும், பத்து நிமிஷக் கணக்கில் அது தப்பிவிடும். அதற்காக இடையிடையே ஒரே ஒரு விலங்கைத் தேர்ந்தெடுத்து, கண்ணை விட்டு மறையும் வரை தொடர்ந்து பாருங்கள். ஒரு மந்தி, ஒரு குருவி, மறுபடி ஒரு மந்தி என்று மாறி மாறி. இந்தத் தொடர் குறிப்பைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும், இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஹக்கலவில் வெறும் கண்ணே போதும். பேனை வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள்; மூடுபனியில் மை கரைந்துவிடும்.

படி 4: உணவு

இங்கேதான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். 'இலை', 'பழம்' என்று மட்டும் எழுதாதீர்கள். துளிர், முற்றிய இலை, இலைக்காம்பு, பூ, காய், பழம், விதை, பூச்சி என்று பிரித்து எழுதுங்கள். மந்தி பெரும்பாலும் துளிரைத் தேடும், ஆனால் காயும் பூவும் தின்னும். குருவி பழத்துக்கு வரும், ஆனால் பூச்சியும் பிடிக்கும்.

ஏன் இப்படி? இலை எங்கும் கிடைக்கும், ஆனால் அதில் சத்தை எடுப்பது கஷ்டம். மந்தியின் வயிறு பல அறைகளாகப் பிரிந்தது. முன் அறைகளில் வாழும் நுண்ணுயிர்கள் இலை நாரை நொதிக்க வைத்து உடைத்துக் கொடுக்கின்றன. மாட்டின் வயிற்றில் நடப்பது போன்ற வேலைதான், ஆனால் இது மாடு போல அசைபோடுவதில்லை. அந்த வேலைக்கு நேரம் வேண்டும். மந்தி மணிக்கணக்கில் கிளையில் உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதும் அதன் வயிறு வேலை செய்துகொண்டிருக்கிறது.

பழம் இதற்கு நேர்மாறு. சத்து உடனே கிடைக்கும், ஆனால் எங்கே பழுத்திருக்கிறது என்று தேடி அலைய வேண்டும். குருவி தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியது, வயிற்றில் பாரத்தை வைத்திருக்க முடியாது. விழுங்கிய பழம் சீக்கிரம் செரித்து விதை வெளியேறிவிடும். அந்த விதை தாய் மரத்துக்குத் தள்ளி, வேலியிலோ பாதை ஓரத்திலோ விழும். நான் பன்னத்தின் மேல் பார்த்தது அதைத்தான்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பழம் உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, மரத்தடியில் ஒரு பழைய கொழுந்துச் சாக்கை விரித்து, நான்கு மூலையிலும் கல் வையுங்கள். அது பூங்காவாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்; வீட்டுத் தோட்டத்தில் யாரையும் கேட்கத் தேவையில்லை. மாலையில் சாக்கில் விழுந்ததைப் பிரியுங்கள். கடித்துப் போட்ட இலை ஒரு குவியல், பல் பட்ட காய் ஒரு குவியல், எச்சத்தில் வந்த விதை ஒரு குவியல். ஹக்கலவில் நான் சாக்கு விரித்திருந்தபோது புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"என்ன தம்பி, குரங்கு பீய பொறுக்குறீங்களா?"

"இல்லீங்க ஐயா, குருவி போட்ட விதைய."

அவர் குனிந்து ஒரு விதையை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். "இது அந்த மேல இருக்க மரத்து விதைல்ல? இங்கன இந்த மரமே இல்லியே," என்றார். நான் ஒரு பக்கம் முழுக்க எழுதி விளக்க நினைத்ததை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். தோட்ட வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எந்தக் குறிப்பையும் முடிக்காதீர்கள்.

கண்ணையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள். மந்தியின் கண்ணில் நம்மைப் போலவே மூன்று வகை நிற உணரிகள். சிவந்த துளிரைப் பச்சை இலைகளுக்கு நடுவே அது பிரித்துப் பார்க்கும். குருவிக்கு நான்கு வகை. நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதா வெளிச்சமும் பாடும் பறவைகளுக்குத் தெரியும். ஒரே மரம் இரண்டுக்கும் ஒரே மாதிரித் தெரிவதில்லை.

படி 5: குரல்

விடியற்காலையில் கடுவன் போடும் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் மறக்காது. நெஞ்சிலிருந்து வரும் கரகரத்த கூவல், இடையிடையே இருமலும் குரைப்பும் போல. அடுத்த கூட்டத்துக் கடுவன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கமிருந்து பதில் கொடுக்கும். இது எங்கள் இடம், நான் இங்கே இருக்கிறேன் என்று அறிவிக்கும் சத்தம். கிளையினத்துக்குக் கிளையினம் அதன் அமைப்பு மாறும். கொழும்புப் பக்கத்து மந்தியின் கத்தலும் நம் மலை மந்தியின் கத்தலும் ஒன்றல்ல.

கொண்டைக்குருவியின் சத்தம் தெளிவான சீழ்க்கை. ஒரே சுரத்தை மூன்று நான்கு தடவை அடுக்கும். அந்தச் சின்ன உடம்பிலிருந்து இவ்வளவு பெரிய சத்தமா என்று இருக்கும்.

காரணம் தொண்டையில் இருக்கிறது. மந்தியின் குரல் நம்மைப் போலவே மூச்சுக்குழாயின் மேல்முனையில் உள்ள குரல்வளையில் பிறக்கிறது. பறவையின் ஒலிப்பெட்டி மூச்சுக்குழாயின் அடிமுனையில், அது இரண்டு நுரையீரலுக்கும் பிரியும் இடத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே இயக்கக்கூடியது. அதோடு பாடும் பறவைகள் பாட்டைப் பெரியவற்றிடம் கேட்டுப் பழகுகின்றன. குரங்குகளின் கத்தலோ பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்தது. உருவத்தில் நமக்குக் கிட்ட இருப்பது மந்திதான், ஆனால் பிள்ளை பேச்சைக் கேட்டுப் பழகுவது போலக் குரலைப் பழகுவது குருவிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒலியைப் படமாகக் காட்டும். கடுவனின் சத்தம் படத்தின் அடிப்பக்கத்தில் கறுத்துப் பரந்த பட்டையாகவும், குருவியின் சீழ்க்கை மேலே மெல்லிய கோடாகவும் வரும். செயற்றிட்டத்தில் அந்த இரண்டு படத்தையும் அடுத்தடுத்து ஒட்டுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பதிவைக் காட்டில் திருப்பிப் போட்டுக் காட்டுவது. அது அவற்றுக்கு அந்நியன் ஒருவன் வீட்டுக்குள் வந்து நிற்பது போல.

படி 6: உடம்பு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், பாடப்புத்தகத்தில் நிறைய இருக்கிறது. மந்தியின் கை எலும்பும் குருவியின் சிறகு எலும்பும் ஒரே வரைபடத்தில் வந்தவை: மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு. இரண்டின் மூதாதை வழிகளும் 30 கோடி வருஷத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன. அப்படியிருந்தும் வெப்ப இரத்தமும் நான்கு அறை இதயமும் இரண்டுக்கும் தனித்தனியே வந்து சேர்ந்தன. மந்தியின் கட்டைவிரல் குட்டையானது, கொப்பில் கொக்கி போலக் கையை மாட்டித் தாவ வசதி. குருவிக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. மந்தியின் வால் சமநிலைக்கு மட்டுமே, அதால் கிளையைச் சுற்றிப் பிடிக்காது.

உறைபனிக் காலையில் மட்டும் உடம்பைக் கவனித்துப் பாருங்கள். மந்திகள் உச்சிக்கு ஏறி, கையை மடக்கி முழங்காலில் வைத்து, வெயில் வரும் பக்கம் நெஞ்சைக் காட்டி உட்காரும். குருவி இறகை உப்பவைத்துப் பந்து மாதிரி ஆகிவிடும். ஒன்று மயிருக்குள், மற்றது இறகுக்குள், இரண்டுமே காற்றைப் பிடித்துவைத்துத்தான் குளிரைத் தாங்குகின்றன.

படி 7: குட்டியும் குஞ்சும்

மந்தி ஒரு தடவைக்கு ஒரே குட்டி போடும். சுமார் ஏழு மாதக் கர்ப்பம், பிறகு நீண்ட நாள் பால். கூட்டத்தில் பொதுவாக ஒரு கடுவனும் சில பெண்களும் குட்டிகளும் இருக்கும். ஆண்கள் மட்டும் சேர்ந்த கூட்டமும் உண்டு. குருவி கிண்ணம் போன்ற கூட்டில் பாசி வைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். பொரிந்த குஞ்சுக்குக் கண் திறந்திருக்காது, உடம்பில் இறகு இருக்காது. ஒரு குட்டியை இழந்த மந்திக் கூட்டம் அதை ஈடுகட்ட நெடுநாள் ஆகும் என்பதை உங்கள் குறிப்பில் கட்டாயம் எழுதுங்கள்.

கூடு கண்டால் கிட்டப் போகாதீர்கள், இலையை விலக்காதீர்கள், போட்டோ வேண்டாம். நீங்கள் மிதித்த தடத்திலேயே பூனை வரும்.

படி 8: கணக்குப் போடுதல், எழுதுதல்

குறைந்தது ஒரு மாதம் பார்த்த பிறகுதான் இதற்கு வாருங்கள். பத்து நிமிஷக் குறிப்புகளை மட்டும் எடுத்து, 'தெரியவில்லை' என்றவற்றைத் தனியே எண்ணி ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு, மந்திக்கு மொத்தம் 80 பதிவு இருந்து அதில் 20 'தெரியவில்லை' என்றால் கணக்கு 60இல்தான். அந்த 60இல் 24 தடவை தின்றிருந்தால் 40 வீதம். குருவிக்கும் இதே மாதிரி. எத்தனை பதிவிலிருந்து அந்த வீதம் வந்தது என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். 6 பதிவிலிருந்து வந்த 50 வீதத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை.

பிறகு எழுத்து. மந்திக்கு ஒரு பக்கம், குருவிக்கு ஒரு பக்கம் என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது, இரண்டு கட்டுரை ஆகிவிடும். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கேள்வி வரட்டும், அதற்குள் இரண்டும் வரட்டும். எதில் ஒத்துப்போகின்றன என்பதையும் தேடுங்கள், வேறுபாட்டை எழுதுவது சுலபம். 'புத்திசாலி', 'சோம்பேறி', 'சந்தோஷமாகப் பாடியது' போன்ற சொற்கள் கண்ணில் பட்டால் வெட்டிவிட்டு, கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

படி 9: மனிதர்களையும் சேருங்கள்

மலைநாட்டில் இரண்டு கூட்டமும் நம் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம்தான் வாழ்கின்றன. லயத்துக்குப் பின்னால் போஞ்சி, பியர்ஸ், மரத்தக்காளி வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் போய்க் குரங்கு அருமையான உயிர் என்று மட்டும் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது நியாயமும்கூட. எந்தக் குரங்கு வந்தது, எதைத் தின்றது, எந்த நேரம் என்று கேட்டு எழுதுங்கள். நான் கேட்ட வீடுகளில் செங்குரங்கு செய்த வேலைக்கு மந்தி பழி ஏற்றிருந்தது பல தடவை. ஊதாமுக மந்தி சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள இனம். வனவிலங்குச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. காடு துண்டு துண்டாகி நடுவில் மின்கம்பி ஓடும் இடத்தில் அது படும் பாட்டையும், மரக்கிளை விடுபட்டுப் போன இடத்தில் தரையில் இறங்கி நாய்க்கு அஞ்சி ஓடுவதையும் கண்டால் திகதியோடு குறியுங்கள்.

கடைசியாக, போட்டோவையும் ஒலிப்பதிவையும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் ஏற்றுங்கள். அது மந்தியையும் குருவியையும் ஏற்கும். ஈபேர்ட் என்ற தளத்தில் பறவைக்கு மட்டும்தான் இடம். ஏற்றும்போது திகதி, நேரம், இடம் மூன்றும் சரியா என்று பாருங்கள். கொப்பியை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அதே மரத்தில் அடுத்த பழம் பிடிக்கும்போது, அதே சாக்கோடு, அதே நேரத்துக்குத் திரும்பப் போக வேண்டும்.